துப்பறியும் குறும்படம் எழுதப் போகிறீர்களா? உதவியாளரிடமிருந்து தொடங்குங்கள்

துப்பறியும் குறும்படம் எடுக்கப் போகிறோம் என்று கதை கொண்டு வருகிறவர்கள் முதல் பக்கத்தில் துப்பறிவாளரைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ராத்திரி தூங்க மாட்டார், யாருக்கும் முகம் கொடுத்துப் பேச மாட்டார், ஆளைப் பார்த்த மாத்திரத்தில் ஊர், தொழில், வீட்டுச் சண்டை வரைக்கும் சொல்லிவிடுவார். பக்கத்தில் இன்னொருவர் நிற்பார், "எப்படிண்ணா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்பதற்கு மட்டும். நானும் முதல் கதையை அப்படித்தான் எழுதினேன். படித்துப் பார்த்த நண்பன் ஒரே கேள்வி கேட்டான்: "இந்த ஆளு இவ்ளோ திட்டு வாங்கிக்கினு ஏன் வீட்டுக்குப் போகாம கீறான்?" என்னிடம் பதில் இல்லை. கதையைத் திரும்ப எழுதும்போது அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பித்தேன், உங்களையும் அங்கிருந்தே ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

1887-இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே கோனன் டாயில் பேனாவைத் துப்பறிவாளர் ஹோம்ஸின் கூட்டாளி வாட்சன் கையில் கொடுத்துவிட்டார், கதையைச் சொல்வது அவர்தான். ஹோம்ஸ் மனசுக்குள் நாம் போய்விட்டால் விடை உடனே தெரிந்துவிடும், அப்புறம் கதையே இல்லை. அந்த வாட்சன் ஆப்கன் போரில் காயம்பட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர், முட்டாள் அல்ல. பேசில் ராத்போனும் நைஜல் புரூஸும் 1939 முதல் 1946 வரை 14 படங்களில் இந்த ஜோடியாக நடித்தார்கள். புரூஸின் வாட்சன் அன்பான மனுஷன், ஆனால் எதிலும் தடுமாறுகிறவர். உதவியாளர் என்றாலே அசடு என்கிற நினைப்பு பலருக்கு அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. சத்யஜித் ராய் 1974-இல் 'சோனார் கெல்லா' எடுத்தபோது இந்தச் சிக்கலை அழகாகப் பிரித்தார்: கதையைப் பார்த்துச் சொல்வதற்குத் துப்பறிவாளர் ஃபெலுதாவின் சித்தப்பா பையன் தோப்ஷே, சிரிப்புக்கு ஜடாயு என்கிற எழுத்தாளர். உங்கள் படத்தில் சிரிப்பு வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆளை வையுங்கள், உதவியாளர் தலையில் கட்டாதீர்கள்.

சரி, அவர் ஏன் போகாமல் இருக்கிறார்? சம்பளம், விசுவாசம் என்றெல்லாம் பொதுவாக எழுதினால் நிற்காது. துப்பறிவாளரால் முடியாத ஒன்று, தினமும் தேவைப்படுகிற ஒன்று, உதவியாளர் கையில் இருக்க வேண்டும். என் கதை நடக்கிற வேலூரில் அதற்கு எங்கேயும் தேடிப் போக வேண்டாம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து பாருங்கள், கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்திலேயே வங்காளியும் இந்தியும் இருக்கும், காரணம் வைத்தியத்துக்காக அத்தனை தூரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து லாட்ஜ்களில் தங்குகிறார்கள். என் கதையின் உதவியாளர் அன்வர் அப்படி ஒரு லாட்ஜில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவன். வங்காளி, இந்தி, உருது, தெலுங்கு எல்லாம் பேசுவான். துப்பறிவாளருக்குத் தமிழ் மட்டும்தான். ஆக, அவர் எவ்வளவு பெரிய மூளைக்காரராக இருந்தாலும், கல்கத்தாவிலிருந்து வந்த ஒரு அம்மா அழுதுகொண்டே என்ன சொல்கிறார் என்று தெரிய அன்வர் வாயைத்தான் பார்க்க வேண்டும். இதை எழுதிய பிறகு அவர்களுக்குள் நடக்கிற சண்டைக்கே வேறு கனம் வந்துவிட்டது.

அடுத்து துப்பறிவாளரின் கிறுக்குத்தனம். இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். நள்ளிரவில் வயலின், கலைந்த தலை என்று எங்கேயோ பார்த்ததை அப்படியே ஒட்டுகிறார்கள். விநோதப் பழக்கம் அவர் தொழிலிலிருந்தும் வளர்ந்த இடத்திலிருந்தும் வர வேண்டும். என்னுடைய ஆள் ஆம்பூர்க்காரர், சிறுவயசிலிருந்தே தோல் ஷாப்புக்கு, அதாவது தோல் பதனிடுகிற இடங்களுக்கு, நடுவில் வளர்ந்தவர். யார் வீட்டுக்குள் வந்தாலும், போலீஸ்காரராக இருந்தாலும், வாசலில் விட்ட செருப்பை எடுத்துத் திருப்பி அடியைப் பார்ப்பார், சில சமயம் மோந்தும் பார்ப்பார். பார்க்கிறவர்களுக்கு அருவருப்பாக இருக்கும், ஆனால் அவருக்கு அதுதான் கருவி. அந்தப் பழக்கத்தின் செலவை யார் கட்டுகிறார்கள் என்று உடனே எழுதிவிடுங்கள்: கோபித்துக்கொண்டு எழுந்து போகிற ஆள் பின்னாலேயே தெருமுனை வரை ஓடி, "மன்னிச்சிக்கோங்க சார், அவரு அப்படித்தான், மனசுல ஒண்ணும் இல்ல" என்று சமாதானம் சொல்லிக் கூட்டி வருவது அன்வர்.

இப்போது இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். தடயத்தை எப்படிக் காட்டுவது? துப்பறிவாளர் பார்வை போகிற இடத்துக்கெல்லாம் கேமராவை நெருக்கிக்கொண்டு போனால் பார்க்கிறவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். கடைசி வரை காட்டாமல் மறைத்தாலோ ஏமாற்றிய மாதிரி ஆகிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: உதவியாளர் செய்கிற எடுபிடி வேலைக்குள்ளேயே தடயத்தை வையுங்கள். அவர் குனிகிறார், துடைக்கிறார், பை தூக்குகிறார், பாக்கிச் சில்லறை வாங்குகிறார். கேமரா அவரோடு போகிறது. தடயம் அந்தப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். காட்பாடி ஜங்ஷனுக்கு வெளியே டீக்கடை. எதிரில் உட்கார்ந்திருக்கிற ஆள், இப்போதுதான் ஹவுரா ரயிலிலிருந்து இறங்கினேன், இந்த ஜில்லாவுக்கு வந்ததே முதல் தடவை என்கிறான். துப்பறிவாளரின் கை பட்டு டீ கிளாஸ் விழுகிறது. வழக்கம்போல அன்வர்தான் தோளிலிருந்த துண்டை எடுத்து மேஜைக்கு அடியில் குனிந்து துடைக்கிறான். அவன் கை போகிற வழியில் அந்த ஆளின் பேன்ட் மடிப்பு, அதில் வெளிறிய நீல நிறத்தில் கொஞ்சம் துருவல் மாதிரித் தூள். ஒரு நொடிதான், துண்டு நகர்ந்துவிடுகிறது, அன்வர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்திருக்கிறான். பத்து நிமிஷம் கழித்துத் துப்பறிவாளர் சொல்வார்: குரோம் ஏற்றிப் பதனிட்ட தோல் நீலமாக இருக்கும், அதைச் சீவும்போது விழுகிற தூளும் அதே நிறம், இவன் ரயிலிலிருந்து நேராக வரவில்லை, தோல் ஷாப்பு எதற்கோ போய்விட்டு வந்திருக்கிறான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து ஆட்களுக்கு இது உடனே பிடிபடும். மற்றவர்களுக்காக முன்னாலேயே ஒரு காட்சியில், ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டால் பழுப்பு, குரோம் என்றால் நீலம் என்று யாராவது பேச்சோடு பேச்சாகச் சொல்லட்டும். பார்வையாளரிடம் எல்லாத் தகவலும் இருக்க வேண்டும், அதைச் சேர்த்துப் பார்ப்பது மட்டும்தான் துப்பறிவாளரின் வேலை.

இதை எழுதும்போது பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் பொய் என்ன, அந்தப் பொய் உடம்பிலோ உடையிலோ எதை விட்டுப் போகும், அதைத் தொட வைக்கிற எடுபிடி வேலை எது என்று இந்த வரிசையில் யோசித்தால் காட்சி தானாக அமைகிறது.

உதவியாளருக்கு ஒரு வெற்றியாவது கொடுங்கள், அதுவும் துப்பறிவாளருக்குத் தெரியவே தெரியாத ஒன்றில். என் கதையில் ஒரு பெரியவர், 1975-இல் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரருக்கு அபிஷேகம் பார்த்தேன், அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன் என்று சாட்சி சொல்வார். துப்பறிவாளர் தலையாட்டிக் குறித்துக்கொள்வார். அன்வரின் அப்பா கோட்டைக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவர். சாமி இல்லாத கோயில் என்று வேலூரைச் சொல்வார்களே, அந்தக் கோயிலுக்கு சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்தது 1981-இல்தான், அன்றைய கூட்டத்தைப் பற்றி அப்பா ஆயிரம் தடவை சொல்லிக் கேட்டவன் அவன். "அண்ணா, அந்த வருஷம் உள்ள சாமியே கிடையாது" என்று அவன் மெதுவாகச் சொல்கிற இடம்தான் எனக்குப் படத்திலேயே பிடித்த இடம்.

அந்த 'அண்ணா'வையும் கவனியுங்கள். வெளி ஆட்கள் முன்னால் அன்வர் அவரை 'சார்' என்பான், தனியாக இருக்கும்போது மட்டும் 'அண்ணா'. அவர் எப்போதும் 'இன்னா பாய்' என்பார், ஆபத்து என்றால்தான் 'அன்வரு' என்று பெயர் வரும். ஊர்ப் பேச்சை அளவாகப் போடுங்கள். 'இன்னா', 'வந்துகினு', 'கீது' எல்லாம் நம் பக்கத்து வார்த்தைகள்தான், ஆனால் வரிக்கு வரி திணித்தால் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடும்.

ஒரு தடவை அவன் வெடிக்க வேண்டும். "நீங்க என்னை மதிக்கவே இல்ல" என்று பெரிதாக எழுதாதீர்கள், சின்ன விஷயத்தில் வெடிக்கட்டும். "மூணு நாளா உங்க டிபனுக்கு நான்தான் காசு குடுத்துக்கினு இருக்கேன், பொண்ணு ஸ்கூல் பீஸ் கட்ட வெச்சிருந்தது அது." துப்பறிவாளர் மன்னிப்புக் கேட்கக் கூடாது, அது அவருக்கு வராது. மறுநாள் அவர் தன் வாட்சைக் கட்டாமல் வருகிறார், அன்வர் அந்த வெறும் மணிக்கட்டைப் பார்க்கிறான், வசனமே தேவையில்லை.

படப்பிடிப்புக்குச் சில விஷயங்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அனுமதி வாங்காமல் உள்ளே கேமரா எடுத்துப் போகாதீர்கள், ஸ்டேஷனுக்குள்ளேயும் ரயில்வே அனுமதி வேண்டும். அதனால்தான் என் காட்சியை வெளி டீக்கடையில் வைத்தேன். சித்திரை வைகாசியில் இந்த ஊர் வெயிலில் மத்தியானம் யாரையும் நிற்க வைக்க முடியாது, விடியற்காலை ஆறிலிருந்து ஒன்பது, அப்புறம் சாயங்காலம் நாலுக்கு மேல். துப்பறிவாளர் விளக்கம் சொல்கிற காட்சியை இரண்டு தடவை முழுசாக எடுங்கள், ஒரு தடவை அவர் முகத்தில், ஒரு தடவை கேட்டுக்கொண்டிருக்கிற உதவியாளர் முகத்தில். எடிட்டிங்கில் உட்காரும்போது இரண்டாவதைத்தான் அதிகம் பயன்படுத்துவீர்கள், அதனால் அதை வெளிச்சம் நன்றாக இருக்கும்போதே முதலில் எடுத்துவிடுங்கள்.