தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிபவர்களுக்கு: மைலேஜைத் தின்னும் சில தவறுகள்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் ஒரு காரின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, "இனிமே வண்டி சூடே ஆகாதுண்ணே" என்றான். சுருக்கென்று கோபம் வந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் அதே வேலையை அதே பெருமையோடு நானும் செய்திருக்கிறேன். நேரத்துக்கு ஆயில் மாற்றுவது, வண்டியில் வேண்டாத சுமையை இறக்குவது எல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டுவது

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் சின்ன வால்வு இது. உள்ளே மெழுகு இருக்கும். எஞ்சினைக் குளிரவைக்கும் நீரான கூலண்ட் 80, 90 டிகிரியை நெருங்கும்போது மெழுகு விரிந்து வால்வைத் திறக்கும். அதுவரை கூலண்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். எஞ்சின் சீக்கிரம் சூடாக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு.

கழற்றிவிட்டால் ரேடியேட்டர் ஓயாமல் குளிரவைக்கும். வேகமாகப் போகும்போது டாஷ்போர்டில் சூடு காட்டும் முள் பாதிக்கே வராது. பெட்ரோல் வண்டியின் கம்ப்யூட்டர் கூலண்ட் சென்சாரைப் பார்த்து, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். ஆயிலும் கெட்டியாகவே இருப்பதால் உராய்வு கூடும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலில் கலந்து அதையும் கெடுக்கும்.

அன்று நான் கழற்றிய வண்டி மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் போன வண்டி 13-ஐத் தாண்டவில்லை. பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தேன். எல்லாவற்றுக்கும் காசும் வாங்கினேன் (இன்றும் உறுத்துகிறது). கடைசியில் எனக்குத் தொழில் கற்றுத் தந்த பெரியவர் ஆயில் கேஜை உருவி முகர்ந்தார். பெட்ரோல் வாடை. "தெர்மோஸ்டாட் எங்கடா?" என்றார்.

இத்தனைக்கும் அந்த வண்டி முதலில் சூடானது ரேடியேட்டர் ஃபேனை ஓடவைக்கும் ரிலே போனதால். தெர்மோஸ்டாட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை. சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் கூலண்ட் சரியான வழியில் போகாமல், நெரிசலில் நிற்கும்போது முன்னைவிட அதிகமாகச் சூடாகும் கூத்தும் நடக்கும்.

சந்தேகம் இருந்தால் நூலில் கட்டி, பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் கொதிப்பதற்குள் வாய் திறக்க வேண்டும், ஆறினால் மூட வேண்டும். பையன் எறிந்ததையும் தொட்டியிலிருந்து எடுத்து அப்படித்தான் பார்த்தோம். ஜோராகத் திறந்தது.

ஏர் ஃபில்டர் மாற்றிவிட்டு மைலேஜுக்குக் காத்திருப்பது

கார்புரேட்டர் காலத்தில் சரி. இன்ஜெக்ஷன் வண்டியில் காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும், அதனால் முதலில் அடிபடுவது பிக்கப்தான். மாற்றுங்கள், ஆனால் மைலேஜ் குறைந்ததற்கான காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள்.

டயரில் எழுதியிருக்கும் எண் வரை காற்று அடிப்பது

அது டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் வண்டிக்கான அளவு டிரைவர் பக்கக் கதவின் தூணிலோ பெட்ரோல் மூடியிலோ ஒட்டியிருக்கும்.

கெட்டி ஆயில்

5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றாதீர்கள்.

ஒட்டிக்கொண்ட பிரேக்கோடு ஓட்டுவது

பிரேக் பேட் மாற்றும்போது, பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்னைத் துடைத்து அதற்கான கிரீஸ் போடாமல் விடுவதால் பெரும்பாலும் வருவது இது. மிதியிலிருந்து காலை எடுத்த பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும். பல நேரம் சத்தமும் இருக்காது. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட்டுவிடாதீர்கள். இடது வலது இரண்டில் ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அதைக் கழற்றிப் பின்னை விரலால் நகர்த்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.