மைக் இருக்கிறது, பதிவில் குரல் இல்லை: கோளாறைத் தேடும் முறை

கணினியில் குரல் பதிவாகவில்லை என்றதும் பலரும் செய்கிற முதல் காரியம், செட்டிங்ஸில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பதுதான். அதனால் பழைய கோளாறு தீராததோடு, எதை மாற்றினோம் என்ற கணக்கும் மறந்துபோகும். வாயிலிருந்து கிளம்பும் ஒலி, மைக், அதன் வயர் முனையிலுள்ள பின், அது செருகப்படும் துளையான ஜாக், ஒலியைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் சவுண்ட் கார்டு, அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர், விண்டோஸ், பதிவுசெய்யும் மென்பொருள் என்ற வரிசையில் கடந்துதான் கோப்பாகிறது. அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று தெரிந்துவிட்டால், மீதி வேலை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

செட்டிங்ஸில் ‘சிஸ்டம்’, ‘சவுண்ட்’ என்று போய் ‘இன்புட்’ பகுதியைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும், மைக்கில் ஒலி விழும்போது நீண்டு சுருங்கும் பட்டை ஒன்று அங்கே இருக்கும். அது அசைந்தால் விண்டோஸ் வரைக்கும் ஒலி வந்துவிட்டது, தேட வேண்டியது மென்பொருள் பக்கம். அசையாவிட்டால் மைக்கிலோ, பின்னிலோ, டிரைவரிலோ, எந்த மைக் என்ற தேர்விலோ கோளாறு இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ‘ஹலோ ஹலோ’ என்று பேசுவதைவிட, மைக்கின் வாயை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டுவது நல்லது. ஹெட்செட் மைக்கைச் சுரண்டும்போது சும்மா இருக்கும் பட்டை, மடிக்கணினியின் காமிராவை ஒட்டியுள்ள ஊசித்துளைகளைச் சுரண்டும்போது துள்ளுமானால், நீங்கள் பேசுவது ஒரு மைக்கில், கணினி கேட்பது இன்னொரு மைக்கில் என்று பொருள். அதே பக்கத்தில் இருக்கும் பட்டியலிலிருந்து சரியான மைக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

பட்டியலிலேயே மைக்கின் பெயர் இல்லையென்றால், விண்டோஸ் 11-இல் அந்தப் பக்கத்தின் அடியில் உள்ள ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ வழியாக ‘ரெக்கார்டிங்’ பகுதிக்குப் போய், காலியான இடத்தில் வலது க்ளிக் செய்து, ‘ஷோ டிஸேபிள்ட் டிவைசஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். யாரோ எப்போதோ முடக்கி வைத்த மைக் அங்கே மங்கலாகத் தலைகாட்டும். அதன்மேல் வலது க்ளிக் செய்து ‘எனேபிள்’ கொடுத்துவிடலாம்.

ஹெட்செட் வயரில் தொங்கும் சிறு பெட்டியின் மியூட் ஸ்விட்ச்சையும், விசைப்பலகையில் குறுக்குக்கோடிட்ட மைக் படம் போட்ட விசையையும் பார்த்துவிடுங்கள். பல மடிக்கணினிகளில் அந்த விசையின் விளக்கு எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்தது பின். செல்போன் இயர்போனின் பின்னைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் உலோகத்தில் மூன்று கறுப்பு வளையங்கள் நான்கு பகுதிகளைப் பிரித்திருக்கும். நுனியும் அடுத்த பகுதியும் இரு காதுகளுக்கு, மற்ற இரண்டில் ஒன்று எர்த், ஒன்று மைக். மடிக்கணினியில் ஒரே ஜாக் இருந்து, பக்கத்தில் ஹெட்செட் படம் போட்டிருந்தால் இந்தப் பின் அப்படியே பொருந்தும். மேசைக் கணினியில் பச்சை ஜாக் கேட்பதற்கும் இளஞ்சிவப்பு ஜாக் மைக்குக்கும் தனித்தனியாக இருப்பதால், ஒரு பின்னை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வயர் இல்லாமல் செல்போன் இயர்போனின் மைக் அங்கே வேலை செய்யாது. கேபினட்டின் முன்பக்க ஜாக் ஊமையாக இருந்தால் பின்பக்க ஜாக்கில் செருகிப் பாருங்கள்; அசெம்பிள் செய்த கணினிகளில் முன்பக்க ஜாக்கின் கேபிளை மதர்போர்டில் மாட்டாமலே மூடிவிடுவது நடக்கிற விஷயம்.

மதுரைப் பக்கத்தில் அடிக்கடி எழும் சிக்கல் ஒன்றை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். அழகர் வர்ணிப்பு பாடும் பெரியவரின் குரலையோ, ஊர்க் கும்மிப் பாட்டையோ பதிந்து வைக்க நினைப்பவர்கள், மைக் செட்காரரிடம் ஒரு மைக்கை இரவல் வாங்கி, பெரிய பின்னைச் சிறிய பின்னாக்கும் கன்வெர்ட்டரைப் போட்டு, மடிக்கணினியில் செருகுகிறார்கள். திருவிழாப் பந்தலில் ஊரையே எழுப்பிய மைக் கணினியில் முனகக்கூட மாட்டேன் என்கிறது. உடனே மைக் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். மைக்கில் குறை ஒன்றும் இல்லை. அந்த 6.35 மி.மீ. பின் தன் ஒலியை நுனியில் தருகிறது, மடிக்கணினியின் 3.5 மி.மீ. ஜாக்கிலோ நுனி இடது காதுக்கு உரியது. மைக்குக்கு உரிய தொடுபகுதி அடியில் இருக்கிறது. ஆகவே ஒலி போய்ச் சேரவே வழியில்லை. ஸ்ப்ளிட்டர் போட்டு மைக் பக்கத்தில் செருகினாலும் இன்னொரு தடை உண்டு. மேடை மைக்குகளில் பெரும்பாலானவை டைனமிக் வகை. அவை தரும் மின்குறிப்பு மிகச் சிறியது, அதைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபயரின் வேலை. கணினியின் ஜாக், ஹெட்செட்டுக்குள் இருக்கும் எலெக்ட்ரெட் வகைச் சிறு மைக்கை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. ‘ரெக்கார்டிங்’ பகுதியில் மைக்கின் ‘பிராபர்ட்டீஸ்’ திறந்து, ‘லெவல்ஸ்’ பக்கத்தில் ‘பூஸ்ட்’ இருந்தால் அதை 20 அல்லது 30 டெசிபெல் ஏற்றலாம்; குரலோடு ‘உஸ்’ என்ற இரைச்சலும் ஏறும். பாட்டுப் பதிவுக்கு இது ஒத்துவராது என்பதே என் அபிப்பிராயம். மைக்கின் ஒலியைப் பெருக்கிக் கணினிக்குத் தரும் யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற கருவி ஒன்றை நடுவில் வைப்பதுதான் முறை. ஸ்டூடியோ வகைக் கண்டென்சர் மைக்காக இருந்தால் அந்த இன்டர்ஃபேஸில் 48 வோல்ட் பொத்தானை அழுத்த மறக்கக் கூடாது. பெரும்பாலான கண்டென்சர் மைக்குகள் அந்த மின்சாரம் இல்லாமல் உயிர்பெறாது.

பட்டை அசைகிறது, பதிவு மட்டும் இல்லை என்றால் முதலில் அனுமதியைப் பாருங்கள். விண்டோஸ் 11-இல் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’யிலும் விண்டோஸ் 10-இல் ‘பிரைவசி’யிலும் ‘மைக்ரோஃபோன்’ என்ற பக்கம் இருக்கிறது. அதில் மேலே உள்ள பொது அனுமதியோடு, கீழே ‘டெஸ்க்டாப் ஆப்ஸ்’ என்று தனியாக உள்ள அனுமதியும் திறந்திருக்க வேண்டும். மேலே உள்ளதை மட்டும் திறந்துவிட்டுக் கீழே பார்க்காமல் போவதால் பல மணி நேரம் வீணாகிறது. கூகுள் மீட் போலப் பிரவுசர் வழியே பேசுபவர்கள், முகவரிப் பட்டையின் இடது ஓரத்து அடையாளத்தைத் தொட்டு, அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளோ, அது திறந்திருக்கும்போது நடுவில் செருகிய மைக்கைத் தானாக அறிந்துகொள்ளாது. ‘டிரான்ஸ்போர்ட்’ மெனுவில் ‘ரீஸ்கேன் ஆடியோ டிவைசஸ்’ கொடுத்த பிறகே அந்த மைக்கைத் தேர்ந்தெடுக்க முடியும்.

புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு கேட்கிறது, குரல் போகவில்லை என்றால் ‘இன்புட்’டில் ‘ஹேண்ட்ஸ்-ஃப்ரீ’ என்று வரும் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அப்போது காதில் கேட்கும் ஒலியின் தரம் குறையலாம், அது பழுதன்று. உபுண்டு போன்ற லினக்ஸ் வைத்திருப்பவர்கள் ‘சவுண்ட்’ செட்டிங்ஸில் இன்புட் தேர்வையும் அதன் அளவையும் பார்த்தால் பெரும்பாலும் போதும்.

இவ்வளவுக்கும் மசியாவிட்டால், ‘டிவைஸ் மேனேஜரி’ல் ‘ஆடியோ இன்புட்ஸ் அண்ட் அவுட்புட்ஸ்’ என்பதன் கீழ் உள்ள மைக்கை ‘அன்இன்ஸ்டால்’ செய்து கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அதை மறுபடி கண்டுபிடித்து நிறுவிக்கொள்ளும். அதன் பிறகும் ஒலி வராவிட்டால் மடிக்கணினித் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து ஆடியோ டிரைவரை இறக்குங்கள், ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்களை அண்டவிடாதீர்கள்.

அதே ஹெட்செட் செல்போனில் நன்றாகப் பேசி, கணினியில் மட்டும் எப்படிச் செய்தும் பேசாவிட்டால், ஜாக்கே பழுதாகியிருக்கலாம். அதற்காக மதர்போர்டைப் பிரிக்கக் கொடுப்பது வீண்செலவு. பென்டிரைவ் அளவில் இருக்கும் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று அந்த ஜாக்கின் வேலையை முழுவதும் ஏற்றுக்கொள்ளும். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் அதை வாங்கப் போகும்போது மடிக்கணினியையும் ஹெட்செட்டையும் கையோடு கொண்டுபோய், மைக்குக்குத் தனி ஜாக்கா, நான்கு பகுதிப் பின்னுக்கு ஒரே ஜாக்கா என்று பார்த்து, கடையிலேயே செருகி, ஒரு வரி பேசிப் பதிந்து, அதைத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.