வானிலிருந்து தொல்லிடம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: வேலூர் வட்டாரத்தை முன்வைத்து

குடியாத்தத்திற்கு மேற்கே, ஆடியில் விதைத்த மானாவாரி வேர்க்கடலை நிலம் ஒன்றின் மீது புரட்டாசி மாதத்தில் டிரோனைப் பறக்கவிட்டேன். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் அப்பயிர் மழையின்றி வெளிறியிருந்தது. அதன் நடுவே கரும்பச்சை நிறத்தில் நீள்சதுரங்கள் வரிசையாகத் தெரிந்தபோது, புதைந்த கட்டடத் தொகுதி ஒன்றைக் கண்டுவிட்டதாகவே நம்பினேன். மறுநாள் நிலத்துக்குரிய பெரியவரிடம் படத்தைக் காட்டினேன். வைகாசியில் ஆட்டுக்கிடை மறித்த இடங்கள் அவை என்றும், பட்டியை இரவுக்கிரவு நகர்த்தி வைத்ததால் எரு விழுந்த கட்டங்கள் வரிசையாக அமைந்தன என்றும் அவர் விளக்கினார். அவரைக் கேளாமல் அந்தப் படத்தை எவருக்கேனும் அனுப்பியிருந்தால், இல்லாத ஊர் ஒன்று வரைபடத்தில் ஏறியிருக்கும்.

வான்படத்தில் தெரிவது வேறுபாடு மட்டுமே. அந்த வேறுபாட்டின் வயதைப் படம் சொல்லாது. தூர்ந்துபோன அகழியில் ஈரம் நெடுநாள் தங்குவதால் அதன் மேல் வளரும் பயிர் உயர்ந்து பசுமையாக நிற்கும். புதைந்த சுவரின் மேல் மண்ணின் ஆழம் குறைவாதலால் அங்கே பயிர் முன்னதாகவே வாடும். உழுத நிலத்தில் மண்ணின் நிறம் மாறித் தெரியலாம். தாழ்ந்த வெயிலில் சிறு மேடும் நிழல் வீசலாம். இவை அனைத்தும் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய செயலாலும் நேரலாம், சென்ற ஆண்டு வைத்த ஆட்டுப்பட்டியாலும் நேரலாம். இதை மறப்பதுதான் இத்துறையில் நிகழும் தவறுகளுள் முதன்மையானது. மற்றவற்றுள் பல இதிலிருந்தே கிளைக்கின்றன.

வான்வழித் தொல்லியலின் தொடக்க முயற்சிகளுள் சில இங்கிலாந்தில் நடந்தன. 1906ஆம் ஆண்டு இராணுவ பலூன் ஒன்றிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் பழங்காலக் கற்சின்னம் படமெடுக்கப்பட்டது, 1920களில் ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டு என்பவர் இதனை ஒரு முறைமையாக வளர்த்தார். 2018ஆம் ஆண்டுக் கோடை வறட்சியில், அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் என்னும் தொல்லிடத்தின் அருகே அதுவரை அறியப்படாதிருந்த பெரிய வட்ட அமைப்பு ஒன்று பயிரின் நிறவேறுபாட்டால் டிரோன் படத்தில் வெளிப்பட்டது. இத்தகைய படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் அதே வகைத் தடயங்களைப் பாலாற்றுப் படுகையின் நெல்வயல்களில் தேடுவது வீண். சேறடித்து நீர் நிறுத்திய வயலில் அடிமண்ணின் ஈரவேறுபாடு பயிரில் தோன்ற வழியில்லை. கரும்புத் தோட்டமும் தென்னந்தோப்பும் தரையையே மறைத்துவிடும். நம் வட்டாரத்தில் பயிர்த்தடம் தேட ஏற்றவை கேழ்வரகு, கம்பு, மல்லாட்டை விளையும் மானாவாரி நிலங்களே. அவற்றிலும் மழை சற்றுப் பொய்த்த வாரங்களில்தான் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும். பயிரை விட்டு வேறிடங்களையும் நோக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வற்றிய ஏரிப்படுகைகள், மழை பெய்த மூன்றாம் நாள் பாதி காய்ந்த உழவு நிலங்கள், மலையடிவாரத் தரிசுகள் ஆகியவை நமக்குக் கூடுதலாகவே காட்டுகின்றன.

ஏரி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வான்படம் எடுப்போர் கோட்டையையும் புதைந்த சுவரையும் தேடித் தேடி, கண்முன்னே கிடக்கும் ஏரிக்கரைகளைத் தொல்பொருளாகவே கருதுவதில்லை. மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையைக் குடைந்து எடுத்த விஷ்ணு கோயிலின் கல்வெட்டு, அது மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்திருப்பதாகக் கூறுகிறது. காவேரிப்பாக்கத்தின் பேரேரியும் பல்லவர் காலத்தது. வட ஆற்காட்டில் பண்டை மனிதர் எழுப்பிய மண்வேலைகளுள் இவையே மிகப் பெரியவை. கரையின் வளைவு, கைவிடப்பட்ட மதகு, மிகைநீர் வழிந்தோடும் பழைய கலிங்கல், பாசனக் கால்வாயின் போக்கு ஆகியவற்றைத் தரையில் நின்று முழுமையாக உணர முடியாது. வானிலிருந்து ஒரே பார்வையில் உணரலாம். ஆயினும், நூற்றாண்டுதோறும் உயர்த்தியும் சீர்செய்தும் வந்த கரையின் இன்றைய வடிவத்தைக் கொண்டு காலம் கணிப்பது பிழையாகும்.

இனி, தொல்லிடம் போலத் தோன்றி ஏமாற்றுபவற்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பண்டை ஈமக்குழியைச் சுற்றிக் கற்கள் அடுக்கிய கல்வட்டம் எனத் தோன்றும் வட்டம், கைவிடப்பட்ட நெற்களமாகவோ தூர்த்த கிணறாகவோ இருக்கலாம். மாடு பூட்டி நீரிறைக்கும் கவலை ஏற்றம் ஓட்டிய கிணறு இன்னும் நுட்பமாக ஏமாற்றும். மாடுகள் முன்னும் பின்னும் நடந்த சரிவுப் பாதை கிணற்றோடு ஒட்டிய வால்போல எஞ்சிநிற்பதால், நுழைவழி கொண்ட ஈமச்சின்னம் என்று கருதத் தோன்றும். கருகிச் சிவந்த திட்டு, இரும்புருக்கிய இடமாக இருப்பதைவிடப் பழைய செங்கல் சூளையாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். சவ்வாது மலைச்சரிவுகளில் ஒரே சீரான இடைவெளியில் செல்லும் கோடுகளைப் பழங்கால மதில் என எண்ணுமுன், நீர்ப்பிடிப்புப் பணிகளுக்காக அண்மையில் வெட்டிய சமமட்டக் குழிகளா என்று வனத்துறையிடம் கேட்க வேண்டும். மின்கோபுர அடித்தளங்கள், பிடுங்கப்பட்ட வேலிகள், மண் அள்ளிய இடங்கள் ஆகியவையும் இவ்வகையே. ஆற்றின் பழைய போக்குகளோ வளைந்த அகழிபோலத் தெரியும். பாலாறு ஒரு காலத்தில் கொசஸ்தலையாற்றின் வழியே ஓடியிருக்கலாம் என நிலவியலார் நெடுங்காலமாகக் கருதி வருவதால், காவேரிப்பாக்கத்திற்கு வடக்கே காணும் வளைவுகளில் இக்கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

வெயிலின் கோணத்தைப் பொருட்படுத்தாமல் படமெடுப்பது அடுத்த தவறு. வேலூர் ஏறத்தாழ 12.9 பாகை வட அகலாங்கில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது எடுத்த படத்தில் இரண்டடி உயர மேடும் தட்டையாகவே தோன்றும். மார்கழி, தை மாதங்களில் காலை ஏழரை மணிக்கு எடுத்தால் அதே மேடு நீண்ட நிழலோடு எழுந்து நிற்கும். படத்தைப் பார்ப்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. ஒளி மேலிருந்து விழுவதாகவே நம் கண் எடுத்துக்கொள்கிறது. ஆனால் வடக்கு மேலே இருக்கும்படி வைத்த குளிர்காலப் படத்தில் ஒளி கீழ்ப்பக்கத்திலிருந்து வருவதால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் மாறித் தெரியும். நிழல் நம்மை நோக்கி விழும்படி படத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தால் இம்மயக்கம் பெரும்பாலும் நீங்கும்.

ஒரே ஒரு படத்தை நம்பி முடிவு சொல்வதும் கூடாது. ஒரு தடம் மூன்று பருவங்களில், வெவ்வேறு பயிரின்போதும் அதே இடத்தில் தோன்றினால்தான் அதற்கு மதிப்பு. பழைய படங்களைத் தேடிப் பார்ப்போர் மிகச் சிலரே என்பது எனக்கு வருத்தம் தருகிறது. அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995இல் பொதுவில் விடப்பட்டன. அவற்றுள் சிறந்தவை 2 மீட்டருக்குக் குறைவான பொருளையும் பிரித்துக் காட்டும். ஆழ்துளைக் கிணறுகளும் கல்குவாரிகளும் புறவழிச் சாலைகளும் பெருகுமுன் நிலம் எப்படியிருந்தது என்பதை அத்தகைய படங்களும் இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடங்களும் தெரிவிக்கின்றன. இன்று மொட்டையாகக் கிடக்கும் இடத்தில் அன்று ஒரு மேடு இருந்திருந்தால் அதுவே பெரிய தகவல்.

கருவியின் எல்லையை அறியாமையும் பிழைக்கு வழி. இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு பிக்சல் 10 மீட்டர்; ஆறு மீட்டர் விட்டமுள்ள கல்வட்டம் அதில் ஒரு புள்ளிக்குள் அடங்கிப்போகும். சாதாரண டிரோன் 100 மீட்டர் உயரத்தில் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 3 அல்லது 4 சென்டிமீட்டர் தரும் என்பதால் தனிக் கற்களையும் எண்ணலாம். ஆனால் வேலிகாத்தான் மூடிய ஏரிப்படுகையிலும் சவ்வாது மலைக் காட்டிலும் எந்தச் சாதாரணக் கேமராவும் தரையைக் காணாது. அங்கே லைடார் எனும் லேசர் அளவீடு வேண்டும். படங்களை இணைத்து வரைபடமாக்க நினைப்போர், அடுத்தடுத்த படங்கள் 70 முதல் 80 விழுக்காடு வரை ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுப்பதோடு, தரையில் அளந்து குறித்த அடையாளப் புள்ளிகளையும் வைக்க வேண்டும். இல்லையேல் நீளமும் உயரமும் நம்பத்தக்கவையாக அமையா.

படத்தில் ஒன்றும் தெரியாத இடத்தில் ஒன்றும் இல்லை என்று எழுதிவிடுவது, தவறான கண்டுபிடிப்பை அறிவிப்பதைவிடக் கேடானது என்பது என் எண்ணம். ஏனெனில் அவ்விடத்தைப் பிறகு எவரும் காக்க மாட்டார்கள். பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1960களில் அகழ்ந்தபோது, புதிய கற்கால மக்கள் வாழ்ந்த குழிவீடுகள் வெளிப்பட்டன. அளவில் சிறியனவும் மேலே பல அடுக்கு மண் மூடியனவுமான அத்தகைய எச்சங்களைப் பயிரோ நிழலோ காட்டிக்கொடுப்பது அரிது. சம்புவராயர் தலைநகராக விளங்கிய படவேட்டைப் போல மண் மேவிய இடங்களுக்கும் இது பொருந்தும்.

அனுமதி குறித்து அலட்சியம் வேண்டாம். 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரையே முன்அனுமதியின்றிப் பறக்கலாம். எது எந்த மண்டலம் என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். அரக்கோணத்தில் கடற்படை வானூர்தித் தளம் இருப்பதை நினைவிற்கொள்க. வேலூர்க் கோட்டை போன்ற காக்கப்பட்ட சின்னங்களின் மேல் பறக்கத் தொல்லியல் துறையின் இசைவு தனியே தேவை.

மிகவும் மனம் நோகச் செய்யும் தவறு, இடத்தின் ஆயத்தொலைவுகளை உடனே சமூக ஊடகத்தில் வெளியிடுவது. ஊர்மக்கள் வாலியர் வீடு, குள்ளர் குகை என்றெல்லாம் வழங்கும் பண்டைய ஈம அறைகளான கற்பதுக்கைகளின் பலகைக் கற்களைப் புதையல் தேடுவோர் பெயர்த்துப் போட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே தங்கம் இராது; எலும்பும் பானையும் இரும்பும் இருந்த அடுக்கு கலைந்தபின் அதனை எவராலும் மீட்க இயலாது. ஆகவே, சந்தேகத்துக்குரிய தடம் கிடைத்தால் முதலில் நிலத்துக்குரியவரின் இசைவோடு அங்கே நடந்து பார்க்க வேண்டும். கறுப்பு சிவப்புப் பானை ஓடோ இரும்புருக்கிய கழிவான கிட்டமோ தென்பட்டால் எடுக்காமல், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிட வேண்டும். பிறகு மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதும் கடிதத்தில் ஊர்ப்பெயர், புல எண், வான்படம் எடுத்த நாள், நேரம், அன்றைய பயிர், நிலத்துக்குரியவர் சொன்ன செய்தி ஆகியவற்றோடு, நடந்து பார்த்தபோது அங்கே காணக் கிடைத்ததையும் தேடியும் கிடைக்காததையும் சேர்த்தே குறிப்பிட வேண்டும்.