மனநல வார்டில் வன்முறை அபாயத்தைக் கணிப்பதும் கையாள்வதும்

வார்டில் புதிதாகச் சேர்ந்தவர் ‘ஆபத்தானவரா’ என்ற கேள்வியால் செவிலியருக்குப் பயன் குறைவு. அடுத்த 24 மணி நேரத்தில் எந்தச் சூழலில் அவர் நிலை தடுமாறக்கூடும் என்பதையே கேட்க வேண்டும். நார்வேயில் உருவான புரோசெட் பட்டியல் இதற்கானது. குழப்பம், எரிச்சல், அடங்காத ஆரவாரம், வாய்மொழி மிரட்டல், உடலசைவால் மிரட்டல், பொருள்களைத் தாக்குதல் ஆகிய ஆறையும் ஒவ்வொரு ஷிப்டிலும் கவனித்து, இருந்தால் 1, இல்லையேல் 0 எனக் குறிக்க வேண்டும். கூட்டுத்தொகை 1 அல்லது 2 என்றால் முன்னெச்சரிக்கை தேவை; 3 அல்லது அதற்கு மேல் என்றால், தடுப்பு நடவடிக்கையோடு தாக்குதல் நேர்ந்தால் யார் என்ன செய்வது என்ற திட்டமும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இயல்பாகவே உரத்துப் பேசுபவருக்கு, அது வழக்கத்தை மீறும்போதுதான் 1 போட வேண்டும். பலரும் தவறுவது இங்கேதான்.

நோயாளி முன்பு எப்போது, யாரை, எதனால் தாக்கினார், அப்போது மது அருந்தியிருந்தாரா என்பதைக் குடும்பத்தாரிடம் தனியாகக் கேட்டறியலாம்.

கொந்தளிப்பைக் கண்டதும் அமைதிப்படுத்தும் ஊசியைத் தேடுவதற்கு முன் உடலைப் பார்க்க வேண்டும். குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வரும் பிதற்றலும், சிறுநீர் அடைப்பும், வலியும் அதே தோற்றத்தில் வரும். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளால் உட்காரவே முடியாத தவிப்பு ஏற்படுவதுண்டு. அதை நோயின் சீற்றம் என்று எண்ணி அதே மருந்தைக் கூட்டினால் தவிப்பு மேலும் முற்றும்.

பேசுபவர் ஒருவராகவே இருக்கட்டும், மற்றவர்கள் விலகி நிற்கட்டும். இரண்டு கை நீளத்துக்குக் குறையாத இடைவெளி விட்டு, இருவருக்குமே வெளியேறும் வழி திறந்திருக்கும்படி நின்று, தாழ்ந்த குரலில் சுருக்கமாகப் பேச வேண்டும். “என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்” என்பவரிடம் வாதிடவும் வேண்டாம், ஆமோதிக்கவும் வேண்டாம், “பயமாக இருக்கிறதா, இங்கே உட்காரலாமா, வெளியே நடக்கலாமா?” என்று தேர்வை அவரிடமே விடலாம்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டனர். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியிடுவதையும் தனியறையில் அடைப்பதையும் தடை செய்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியோடு நோயாளியின் உடலசைவைக் கட்டுப்படுத்தலாம். முறை, காரணம், நேர அளவு ஆகியவற்றைப் பதிவு செய்து, நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையைச் சட்டம் காரணமாக ஏற்பதில்லை.

ஷிப்ட் மாறும்போது “ஆக்ரோஷமாக இருந்தார்” என்று எழுதுவதைவிட, “மாலை 6 மணிக்கு, பார்க்க வந்த அண்ணன் கிளம்பியதும் கதவை உதைத்தார்; தண்ணீர் கொடுத்துப் பேசியதும் 20 நிமிடத்தில் அடங்கினார்” என்று எழுதினால், இரவுச் செவிலியருக்கு எதைக் கவனிப்பது, எதைச் செய்வது என்பது தெரியும்.