முதல் செயலியின் முன்மாதிரியைப் பயனரிடம் சோதித்துப் பார்க்கும் முறை

செயலி உருவாக்கத்தில் புதிதாக இறங்கியவர் தம் முன்மாதிரியை நண்பர்களிடம் காட்டி "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதும், அவர்கள் "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதும் வழக்கம். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் அடுத்து எந்தத் திரையைத் திருத்த வேண்டும் என்பதை அது தெரிவிப்பதில்லை. உழைத்தவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்துக்கு நேரே குறை சொல்லப் பெரும்பாலோருக்கு மனம் வராது. ஆகவே கருத்துக் கேட்பதை விடுத்து, ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு அவர் விரல் எங்கே போகிறது, எங்கே தயங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

மளிகைக் கடைக்காரர் வாடிக்கையாளரின் கடனை நோட்டில் எழுதுவதற்குப் பதிலாகக் கைப்பேசியில் பதிந்துகொள்ளும் செயலி ஒன்றை நீங்கள் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். சோதனைக்குக் கிளம்பும் முன், இந்தச் சுற்றில் தெரிந்துகொள்ள வேண்டியவை எவை என்று எழுதிக்கொள்ளுங்கள். புதிய வாடிக்கையாளரைச் சேர்க்க முடிகிறதா, பாதித் தொகை மட்டும் கொடுத்தவரின் நிலுவை சரியாகப் பதிவாகிறதா, போன மாதக் கணக்கைத் தேடி எடுக்க முடிகிறதா என்ற மூன்று கேள்விகளே முதல் சுற்றுக்குப் போதும்.

முன்மாதிரி முழுமையாக இருக்க வேண்டியதில்லை. காகிதத்தில் வரைந்த திரைகளோ, ஃபிக்மா என்னும் திரை வடிவமைப்புக் கருவியில் இணைத்த திரைகளோ இந்தக் கட்டத்துக்குப் போதுமானவை. மெருகு குறைந்த திரையைப் பார்ப்பவர் குறை சொல்லவும் அதிகம் தயங்குவதில்லை. ஆனால் திரையில் உள்ள விவரங்கள் உண்மையைப் போல் இருக்க வேண்டும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் வைத்து "பயனர் 1, ரூ. 100" என்று நிரப்பிக் கொண்டுபோனால், கடைக்காரர் தம் வாடிக்கையாளரை "மாடி வீட்டு அக்கா" என்றும் "டீக்கடை செல்வம்" என்றும் அடையாளம் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

யாரிடம் சோதிப்பது என்பதில்தான் அதிகக் கவனம் தேவை. உடன் பயின்ற நிரலாளர்கள் இதற்குப் பொருந்தமாட்டார்கள். மூன்று கோடுகள் போட்ட குறியைத் தட்டினால் பட்டியல் திறக்கும் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். எத்தனை பேரிடம் சோதிப்பது என்பதைப் பற்றி, பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த யாக்கோப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993இல் வெளியிட்ட கணிப்பு இன்றும் பயன்படுகிறது. அவர்கள் ஆராய்ந்த சோதனைகளில் ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளை வெளிக்கொணர்ந்தார். அதே விகிதத்தில் கணக்கிட்டால் ஐந்து பேர் ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் காட்டிவிடுவார்கள். இது சராசரிதான் என்பதையும், ஒரே வகைப் பயனருக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் மறக்கக் கூடாது. கடை முதலாளியும், மதிய வேளையில் கல்லாவில் உட்காரும் அவர் மனைவியும் ஒரே வேலையை இருவேறு விதமாகச் செய்யலாம். அவர்களைத் தனித்தனிப் பிரிவினராகக் கொள்வது நல்லது. பதினைந்து பேர் கிடைத்தாலும் ஒரே மூச்சில் சோதிக்காமல், ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைகளுக்கு மாலை நேரத்திலோ, சம்பளம் வந்து மாதச் சாமான் வாங்கும் முதல் வாரத்திலோ செல்லாதீர்கள். கூட்டம் ஓய்ந்த பிற்பகலே ஏற்றது.

உட்கார்ந்ததும் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: "நான் சோதிப்பது இந்தச் செயலியைத்தான், உங்களை அல்ல, எங்காவது தடுமாறினால் தவறு செயலியுடையது." அடுத்து, செய்யும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேளுங்கள். உளவியலில் வழங்கிவந்த இம்முறையை, ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய கிளேட்டன் லூயிஸ் 1982இல் கணினித் திரைகளை மதிப்பிடுவதற்கென எடுத்துரைத்தார். பிறகு வேலையைக் கொடுங்கள். "பற்றுச் சேர் என்பதைத் தட்டுங்கள்" என்றால் நீங்களே விடையைச் சொல்லிக்கொடுத்தவர் ஆவீர்கள். "டீக்கடை செல்வம் 340 ரூபாய்க்குச் சாமான் வாங்கி 200 ரூபாய் மட்டும் கொடுத்திருக்கிறார், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று, திரையில் இருக்கும் சொல் எதையும் பயன்படுத்தாமல் நிலைமையை மட்டும் விளக்குங்கள்.

அதன் பின் பேசாமல் இருக்க வேண்டும். புதியவருக்கு மிகக் கடினமான பகுதி இதுவே என்று நான் கருதுகிறேன். நாம் ஆசையாய்ச் செய்த பொத்தானைத் தாண்டி ஒருவர் மூன்று முறை போய்விடும்போது, அதைச் சுட்டிக்காட்டக் கை தானாக எழும். எழுந்த கையை மடக்கிக்கொண்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். "இதைத் தட்டலாமா?" என்று அவர் கேட்டால், "நான் பக்கத்தில் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அவர் தட்டிய தவறான இடம் பயனுள்ள செய்தி, ஏனென்றால் அந்த வசதி அங்கே இருக்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்கிறார்.

முடிந்தவரை அவருடைய கைப்பேசியிலேயே சோதியுங்கள். பார்வைக்காக எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவரின் திரையில் "வாடிக்கையாளரைச் சேர்க்கவும்" என்ற தொடர் பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் வெட்டுப்படும். தமிழ்ச் செயலிகளில் இந்தக் குறை அடிக்கடி தென்படுகிறது. உங்கள் கணினித் திரையில் எத்தனை முறை பார்த்தாலும் இது புலப்படாது.

வேலைகள் முடிந்த பிறகு கேள்விகள் கேட்கலாம். "இப்படியொரு வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்பதற்கு யாரும் ஆமாம் என்றே சொல்வார்கள். "கடைசியாக ஒருவர் பாக்கியைத் திருப்பித் தந்தபோது எங்கே, எப்படிக் குறித்தீர்கள்?" என்று நடந்ததைக் கேட்டால் உண்மை வரும். பயன்படுத்த எவ்வளவு எளிது என்பதை அளக்க ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்துக் கூற்று மதிப்பீட்டுப் படிவம் பரவலாகப் பயன்படுகிறது. அது 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும். 68ஐச் சராசரியாகக் கொள்வார்கள். ஐந்து பேரிடம் பெறும் மதிப்பெண்ணை நம்பி முடிவெடுக்க இயலாது என்பதால், முதல் சுற்றில் அதை விட்டுவிடலாம்.

ஒலியையோ திரையையோ பதிவுசெய்வதானால் எதற்காக, எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று சொல்லி ஒப்புதல் பெறுங்கள். கடன் நோட்டில் ஊராரின் பெயரும் பாக்கியும் இருக்கின்றன. அதைப் படம் எடுக்காதீர்கள். குறிப்பெழுத இன்னொருவரை அழைத்துச் செல்வது நல்லது. கடைக்காரர் செய்தது, சொன்னது, அதிலிருந்து நீங்கள் ஊகித்தது ஆகிய மூன்றையும் கலக்காமல் தனித்தனியே எழுதி, நினைவு மங்கும் முன் அன்றிரவே ஒழுங்குபடுத்துங்கள்.

குறைகளை வரிசைப்படுத்தும்போது, எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். ஒருவருக்கே நேர்ந்தாலும் நிலுவைத் தொகை தவறாகப் பதிவானால் அதுவே முதலில் திருத்த வேண்டியது; அடுத்து, வேலையை முடிக்கவிடாத தடைகள்; பிறகு தாமதங்கள். நிறம் பிடிக்கவில்லை என்பதைக் கடைசியில் பார்க்கலாம். புது வசதி கேட்பவரிடம் எதற்காக என்று கேளுங்கள். கால்குலேட்டர் வேண்டும் என்பவர், ஐந்து சாமான்களின் விலையைக் கூட்டிய பிறகே தொகையைப் பதிய முடிகிறது என்பதைத்தான் சொல்கிறார். தொகைக் கட்டத்திலேயே கூட்டும் வழி இருந்தால் அவர் தேவை தீர்ந்துவிடும்.

திருத்தங்களுக்குப் பிறகு, இயங்கும் செயலியைச் சில நாட்கள் பயனரிடமே விட்டுப் பார்க்க வேண்டும். வெளியீட்டுக்கு முன் செயலியைச் சோதிக்க உதவும் ஆப்பிளின் டெஸ்ட்ஃபிளைட் வழியாக வெளியார் 10,000 பேர் வரை சோதிக்கலாம். ஒவ்வொரு பதிப்பும் 90 நாட்களில் காலாவதியாகும். கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்குகளுக்கு, செயலியைப் பொதுவெளியில் வெளியிட விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் பங்கேற்கும் சோதனை) இருக்க வேண்டும். முதலில் 20 என்றிருந்த இந்த எண்ணிக்கை 2024 டிசம்பரில் குறைக்கப்பட்டது. இதைக் கணக்குக் காட்டுவதற்காக உறவினர் பெயர்களால் நிரப்பினால், கிடைக்கும் இரண்டு வாரங்கள் வீணாகும். முதல் சுற்றில் சந்தித்த கடைக்காரர்களையே அந்தப் பட்டியலில் சேருங்கள். இரண்டாம் வாரத்தில் கடைக்குச் சென்று, அவர் இன்னும் நோட்டிலும் எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதினால், எந்தப் பதிவை நோட்டில் மட்டும் எழுதுகிறார் என்று கேட்டு, அடுத்த திருத்தத்தை அதிலிருந்து தொடங்குங்கள்.