நகராட்சி வரவுசெலவையும் சொத்துவரியையும் வாசிக்கும் முறை

குமாரபாளையம், பள்ளிபாளையம் போன்ற தறி ஊர்களில் முன்புறம் வீடும் பின்புறம் தறிக்கூடமுமாக இருக்கும் கட்டடங்களுக்கு நகராட்சியிடமிருந்து வரி கேட்பு, அதாவது கட்ட வேண்டிய வரியைக் கேட்கும் அறிவிப்பு, வரும்போது, முதலில் பார்க்க வேண்டியது தொகையை அன்று. பயன்பாடு எவ்வாறு பதிவாகியிருக்கிறது, எத்தனை சதுர அடி எந்த வகையில் எழுதப்பட்டுள்ளது என்பதையே. குடியிருப்புப் பகுதியும் தறிக்கூடமாகப் பதிவாகியிருந்தால் வரி கூடிவிடும். டேப் பிடித்து அளந்து பார்த்த பிறகே மனு எழுதுவது நல்லது.

2022-இல் நடந்த சொத்துவரிப் பொதுச் சீராய்வில் (எல்லாக் கட்டடங்களின் வரியையும் மாற்றியமைப்பதில்), சென்னை நீங்கலான நகரங்களில் 600 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 25 விழுக்காடும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடும் உயர்வு அறிவிக்கப்பட்டது. சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்தே வரும்.

வரி ஆண்டுக்கு இரு தவணை. ஏப்ரலிலோ அக்டோபரிலோ முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை கிடைக்கும். அதன் உச்சவரம்பு 5,000 ரூபாய்.

வரவுசெலவுத் திட்டம் ஏப்ரல் 1-இல் தொடங்கும் நிதியாண்டுக்காக நகர்மன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி எனக் கணக்குகள் தனித்தனியே இருப்பதால், குடிநீர்க் கணக்கை மற்றதோடு கலந்து பார்க்கக் கூடாது. சென்ற ஆண்டு உண்மைச் செலவு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். கேட்பு, வசூல், நிலுவை என்ற பட்டியலில் நிலுவை ஆண்டுதோறும் பெருகிவந்தால், புதிய சாலைக்கு எழுதிய வரவு எங்கிருந்து வரும் என்று வார்டு உறுப்பினரிடம் கேட்கலாம்.