மனநலம், சமூகப்பணி படிக்கப் போகிறீர்களா? டெல்டா வீடுகளில் நடக்கும் தவறுகள்

போன ஜூனில் மன்னார்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். "நான் கவுன்சிலிங் படிக்கப் போறேன் தாத்தா" என்றாள் பேத்தி. பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கவுன்சிலிங் எப்பம்மா? மெட்ராஸ் போகணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் காலேஜ் சீட்டு ஒதுக்குவதுதான். பெரியவர் மேல் என்ன தப்பு?

களப்பணிக்கு வரும் சமூகப்பணி மாணவர்களைப் பல வருஷமாக மேற்பார்வை பார்க்கிறேன். இரண்டாம் வருஷத்தில் அழுதுகொண்டு நிற்கிற பிள்ளைகள் பெரும்பாலும் சேரும்போதே சறுக்கியவர்கள். டெல்டாவில் அட்மிஷனும் குறுவையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா என்ற பேச்சு, விதைநெல், டிராக்டர் வாடகை, நடுவில் காலேஜ் ஃபீஸ். உட்கார்ந்து விசாரிக்க யாருக்கு நேரம்? பஸ் ஸ்டாண்டில் கொடுத்த நோட்டீஸையும் டியூஷன் வாத்தியார் சொன்னதையும் நம்பிப் பணம் கட்டிவிடுகிறோம்.

எல்லாம் ஒரே படிப்பு என்று நினைப்பது

சைக்காலஜி, சமூகப்பணி, மனநல மருத்துவம் மூன்றையும் "மனசு டாக்டர் படிப்பு" என்று ஒரே மூட்டையில் கட்டுவதில்தான் முதல் சறுக்கல். மாத்திரை எழுதும் மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் படித்தவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ., அங்கீகரித்த தகுதி வேண்டும். மனநல சமூகப்பணியாளர் யார் என்பதை 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்லிவிட்டது: சமூகப்பணியில் முதுகலை, அதற்கு மேல் மேற்பார்வையோடு கூடிய இரண்டு வருஷ முழுநேர எம்.ஃபில். மூன்று வருஷம் பி.எஸ்சி. சைக்காலஜி மட்டும் முடித்துவிட்டுக் கதவில் "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்" என்று போர்டு மாட்ட முடியாது. நோட்டீஸில் அப்படி அச்சடித்திருந்தால் அதை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், காலேஜில் கேட்பதற்கு உதவும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. எம்.ஃபில். பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை விலக்கு கொடுத்தது. இப்போது ப்ளஸ் டூ முடித்த பிள்ளை முதுகலை முடிக்க இன்னும் ஐந்து வருஷமாவது ஆகும். "அண்ணன் இந்த வழியில்தான் போனார்" என்பது தங்கைக்குப் பொருந்தாது. அவள் முடிக்கும்போது எந்த வழி திறந்திருக்கும் என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். அவர் சொல்வதை ஆர்.சி.ஐ. தளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். காலேஜ் பெயர் இருந்தால் மட்டும் போதாது. எந்தப் படிப்புக்கு, எந்த வருஷம் வரை அனுமதி என்பதையும் பார்க்க வேண்டும்.

பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் விடுவது

"மனித சேவை மேலாண்மை", "நலவாழ்வு அறிவியல்" என்ற மாதிரி அழகான பெயர்கள் காதில் விழும். யு.ஜி.சி. சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, குறிப்பிட்ட பட்டப் பெயர்களில்தான் பட்டம் வழங்க முடியும். அதற்கு அப்பால் நம் மாநிலத்துக்கே உரிய தலைவலி இணைத்தன்மை. அரசு வேலை அறிவிப்பில் "சமூகப்பணி" என்றிருக்கும். உங்கள் சான்றிதழில் வேறு பெயர் இருக்கும். இரண்டும் ஒன்று என்று சொல்லும் அரசாணை இருந்தால் தப்பித்தீர்கள். இல்லாவிட்டால் தேர்வில் பாஸ் செய்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்க வேண்டிவரும். பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளங்கலை), எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை), பி.எஸ்சி. சைக்காலஜி போன்ற பழைய பெயர்களே பாதுகாப்பு. பழசு என்று யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

"வயல் வேலையையும் பார்த்துக்கிட்டு அஞ்சல் வழியில சைக்காலஜி முடிச்சிடலாம்" என்று இன்னமும் சொல்கிறார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலையிலும் ஆன்லைனிலும் சைக்காலஜி நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியாகிவிட்டது.

களப்பணி நோட்டைப் பார்க்காதது

கட்டடம், ஏ.சி. ஹால், நாக் கிரேடு எல்லாவற்றையும் பார்ப்பார்கள். நாக் கிரேடு என்பது தர மதிப்பீட்டுக் குழு காலேஜ் முழுவதற்கும் கொடுப்பது. நீங்கள் சேரப்போகும் துறை அதில் எங்கே நிற்கிறது என்று அது சொல்லாது. நான் பார்க்கச் சொல்வது களப்பணி நோட்டை. சமூகப்பணியில் பாதிப் படிப்பு வகுப்புக்கு வெளியேதான் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் களப்பணி, பிறகு கிராம முகாம், கடைசியில் ஒரு மாதம் போல ஒரே இடத்தில் தொடர்ந்து வேலை பார்க்கும் பிளாக் பிளேஸ்மென்ட். ஒவ்வொரு நாளும் யாரைப் பார்த்தோம், என்ன பேசினோம், எங்கே தடுமாறினோம் என்று எழுத வேண்டும். அதை ஆசிரியர் படித்துவிட்டுத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும்.

காலேஜ் வாசலில் இரண்டாம் வருஷத்து அக்கா யாராவது நிற்பாள். "உங்க ரிப்போர்ட்டைக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று கேளுங்கள். பெயர், ஊர் எல்லாம் நோயாளியின் ரகசியம். அவற்றை மறைத்துக் காட்டினால் நல்ல அறிகுறி. அப்படியே நீட்டிவிட்டால் அங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று புரிந்துவிடும். ஓரத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் ஏதாவது கேள்வி எழுதியிருக்கிறாரா, வெறும் டிக் மட்டும்தானா என்றும் பாருங்கள். ஒரு காலேஜிலிருந்து ஒருநாள் பதினெட்டுப் பிள்ளைகள் ஒன்றாக வந்து நின்றார்கள். செமஸ்டர் முழுவதற்குமான வருகைப் பதிவில் ஒரேயடியாகக் கையெழுத்துக் கேட்டார்கள். நான் போடவில்லை. வேறு யாரோ போட்டிருப்பார்கள்.

எங்கே அனுப்புகிறார்கள் என்பதும் முக்கியம். மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவு ஓ.பி., போதை மறுவாழ்வு மையம், எச்.ஐ.வி. ஆலோசனை தரும் நம்பிக்கை மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சகி மையம் என்று இடங்கள் இருக்கின்றன. டெல்டாவில் ஓ.பி.க்கு வருகிறவர் "மன அழுத்தம்" என்று வாய்திறந்து சொல்ல மாட்டார். நெஞ்சு படபடன்னு அடிக்குது, வயிறு எரியுது, ராத்திரி தூக்கம் பிடிக்கல என்பார். அதற்கு முன்பே குடும்பம் நாகூர் தர்காவுக்கும் வேளாங்கண்ணிக்கும் போய்வந்திருக்கும். திருச்சிப் பக்கம் காவிரிக் கரையில் குணசீலம் கோயிலில் 48 நாள் தங்கியிருக்கும். இதைக் கேட்டு நக்கலடிக்கிற மாணவரிடம் அந்தக் குடும்பம் மறுபடி வாயே திறக்காது. நக்கலடிக்காமல், மருந்தையும் விடாமல் பேசக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியர் இருக்கும் துறைதான் என் கண்ணில் நல்ல துறை.

துறைக்கு ஊர் ஞாபகம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அதே வருஷம் டிசம்பர் 26இல் நாகப்பட்டினம் கடற்கரையைச் சுனாமி அடித்துக்கொண்டு போனது. 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னையைச் சாய்த்தது. புதிதாக வைத்த கன்று காய்க்கும்வரை கடன் வட்டி நிற்கவா போகிறது? பேரிடருக்குப் பின் மனநலம் என்ற பாடத்தை நடத்த இங்கே வெளிநாட்டு உதாரணம் தேவைப்படாது. சுனாமியில் அடிபட்ட மீனவ ஊரான அக்கரைப்பேட்டைக்கு ஒருமுறைகூடப் போகாத நாகை மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் கோபம் வரவில்லை, அனுப்பாதவர்கள் மேல்தான் வந்தது.

"நூறு சதவீதம் வேலை"

எந்த வேலை என்று கேளுங்கள். எம்.எஸ்.டபிள்யூ.வில் மனிதவளம், அதாவது எச்.ஆர்., ஒரு சிறப்புப் பிரிவு. மருத்துவ, மனநல சமூகப்பணி வேறொன்று. தொழிலாளர் நிறைய இருக்கும் பெரிய ஆலையில் நல அலுவலர் வேண்டும் என்று சட்டம் சொல்வதால் மனிதவளம் படித்தவர்களுக்குக் கிராக்கி உண்டு. கௌரவமான வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மனநலம் என்று கனவு கண்டு சேர்ந்த பெண்ணிடம், "அந்தப் பிரிவுக்கு நாலு பேர்தான் இருக்காங்க, நீயும் எச்.ஆர். எடுத்துக்க" என்று இரண்டாம் வருஷம் சொன்னதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். போன வருஷம் மனநலப் பிரிவு நடந்ததா, எத்தனை பேர் படித்தார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சம்பள விஷயத்தையும் வீட்டில் மறைக்க வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டம், நம்பிக்கை மையம், குழந்தைகள் பாதுகாப்பு இவற்றில் பல வேலைகள் ஒப்பந்தம், தொகுப்பூதியம். கல்விக் கடன் எடுப்பதாக இருந்தால் அதை மனத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

வைத்தியமாகப் படிக்க வைப்பது

இது பேசக் கொஞ்சம் சங்கடமான விஷயம். "இவளுக்கே அடிக்கடி மனசு சரியில்லாம போயிடுது, சைக்காலஜி படிச்சா சரியாயிடும்" என்று சேர்க்கிற பெற்றோர் உண்டு. கஷ்டத்தைத் தாண்டி வந்தவர்கள் இந்த வேலையில் அருமையாக வருவார்கள். தாண்டுவதற்கு முன்பே அடுத்தவர் கஷ்டத்தை தினமும் ஆறு மணி நேரம் கேட்கவைப்பது வேறு. பிள்ளைக்கு உதவி தேவைப்பட்டால் அதை முதலில் செய்யுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம். ஒரு வருஷம் கழித்துச் சேர்ந்தாலும் காலேஜ் அங்கேயேதான் இருக்கும்.

சில்லறை விஷயங்கள்

திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தவறவிடுகிறவர்கள் நிறைய. அங்கே சேர சி.யு.இ.டி. நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். முதுகலைக்கு விண்ணப்பிக்கும் காலம் டிகிரி கடைசி செமஸ்டர் முடியும் முன்பே வந்து போய்விடும். ரிசல்ட் வந்த பிறகு விசாரித்தால் பிரயோஜனமில்லை.

அட்மிஷன் அன்று ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டி வைப்பது இன்னும் நடக்கிறது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று யு.ஜி.சி. தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். திருப்பித் தர இழுத்தால் அன்றைக்குப் பணம் கட்ட வேண்டாம், சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள்.